டாட்டூ உரிகிறதே, மை போய்விடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய் இடது முன்கையில் டாட்டூ போட்டேன். காலமான என் அப்பாவின் கையெழுத்து அது. கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் ஃபிலிமை அவர்கள் சொன்னபடி மூன்றாம் நாள் எடுத்தேன். நேற்றிலிருந்து குளிக்கும்போது கறுப்புக் கறுப்பாக உரிந்து வருகிறது. அரிப்பும் தாங்கவில்லை. அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடு என்கிறார். தோழி சோஃப்ராமைசின் வாங்கித் தந்திருக்கிறாள். வரும் ஞாயிறு ஆபீஸில் எல்லோரும் கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போகிறோம். எழுத்து அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அந்த ஞாயிறு போய்விடும் என்பதால், "தண்ணீரில் இறங்க வேண்டாம்" என்று மட்டும் அன்றே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மற்றதை விவரமாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். அப்பாவின் கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது. நம் மேல்தோல் ஒரு தாள் கனம்தான். டாட்டூ ஊசி அதைத் துளைத்துக்கொண்டு 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. போகிற வழியில் மேல்தோலிலும் கொஞ்சம் மை சிந்தும். அந்த மேல்தோல்தான் இப்போது வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது, சிந்திய மையும் அதோடு வருகிறது. உள்தோலில் இறங்கிய மைத்துகளை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவற்றால் அதைச் செரிக்க முடியாது. ஒரு செல் செத்தால் அது விட்ட துகளைப் பக்கத்தில் வரும் புதுச் செல் விழுங்குகிறது. 2018-ல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டு சொன்னார்கள். டாட்டூ வருடக்கணக்கில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

உரிவது நான்கைந்தாம் நாள் தொடங்கி இரண்டு வாரம் வரை போகலாம். அது முடிந்ததும் எழுத்தின் மேல் பால் படர்ந்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அப்போதும் பலர் பதறிப்போய் வருவார்கள். புதுத்தோல் முதிர முதிர அது தானே தெளியும். வெளிக்காயம் ஆற இரண்டு மூன்று வாரம், உள்ளே முழுதாக ஆற இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து கெடுவது உங்கள் நகத்தால்தான். தானாக விழ வேண்டிய பொருக்கைப் பிய்த்தால் அடியில் இருக்கும் மையும் சேர்ந்து வரும். மெல்லிய கையெழுத்துக் கோட்டில் அது பளிச்சென்று இடைவெளியாகத் தெரியும். அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து சற்று நேரம் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், தூக்கத்தில் நம் கை நம் பேச்சைக் கேட்காது.

கழுவுவது காலையும் மாலையும் போதும். வேலை முடிந்து தூசியோடு வந்தால் இன்னொரு தடவை. முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிறகு வாசனையில்லாத மென்மையான சோப்பை நுரைத்து விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவுங்கள். நார், பீர்க்கங்கூடு எதுவும் வேண்டாம். சீயக்காய் அந்தப் பக்கமே போகக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறிய குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டு வேண்டாம், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துப் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். அப்புறம் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ, தோல் லேசாக மினுங்கும் அளவுக்கு மட்டும். அப்பி வைத்தால் தோல் ஊறிப்போகும், சிறு கொப்புளங்கள் வரும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அம்மாவின் மஞ்சளுக்கு வருகிறேன். பச்சை குத்திய காலத்தில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. அன்று வேறு என்ன இருந்தது? அடுப்படி டப்பாவில் தினமும் ஸ்பூன் போய்வரும் மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. கலப்படச் சாயம் இருந்தால் அதுவும் காயத்துக்குள் போகும். தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும் விடாது. எண்ணெயை மூன்று வாரம் கழித்து, புது பாட்டிலிலிருந்து தாராளமாகத் தடவட்டும். அதுவரை என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

தோழியின் சோஃப்ராமைசினும் வேண்டாம். அதிலுள்ள ஃப்ராமைசெட்டின் நியோமைசின் குடும்பத்து மருந்து. தோல் அலர்ஜியைக் கிளப்புவதில் பேர்போனது. அமெரிக்கத் தொடு அலர்ஜி நிபுணர்களின் சங்கம் 2010-ல் 'இந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள்' என்று நியோமைசினைத்தான் அறிவித்தது. சீழ் வைக்காத காயத்துக்கு ஆன்டிபயாடிக் களிம்பு எதற்கு? இதைவிட நான் அஞ்சுவது மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டால் நீட்டுகிறார்களே, அந்த ஸ்டீராய்டு கலவை க்ரீம்களை. அரிப்பு உடனே அடங்கும். காயம் ஆறுவதும் தள்ளிப்போகும், உள்ளே கிருமித்தொற்று இருந்தால் அது வெளியே தெரியாமலும் போகும்.

கொடிவேரியில் ஏன் இறங்கக் கூடாது? டெக்சாஸில் 31 வயது ஆண் ஒருவர், டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா காயம் வழியாக ஏறி, அவர் இறந்தே போனார். 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த விவரம் இது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தது, அது கடல். உங்களுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் குளிக்கும் ஆற்றுநீரில் எதுவும் இருக்கலாம், உங்கள் கையில் தோல் இன்னும் மூடவில்லை. மூன்று வாரத்துக்கு ஆறு, குளம், கிணறு, நீச்சல்குளம் எதுவும் வேண்டாம். கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடலாம். மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் அரிக்கும் என்பார்கள். அவை உங்களுக்கு முன்பே ஒத்துக்கொள்ளாதவையாக இருந்தாலொழிய எந்தப் பத்தியமும் தேவையில்லை.

வண்டி ஓட்டும்போது தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். சன்ஸ்கிரீன் இப்போது வேண்டாம். ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் தினமும் போட்டால் எழுத்து சீக்கிரம் வெளிறாது.

இனி கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் வீக்கமும் சகஜம். அதற்குப் பிறகும் சிவப்பு பரவினால், தொட்டால் கொதித்தால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சலடித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கையில் சிவப்புக் கோடு அக்குளை நோக்கி ஏறினால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நன்றாக ஆறிவந்து, சில வாரம் கழித்துக் கோட்டின் மேலேயே சிறுசிறு பருக்கள் கிளம்பினாலும் காட்டுங்கள். 2011-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இப்படி 19 பேருக்கு வந்தது. கடைக்காரர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். கம்பெனியிலிருந்து கலந்து வந்த சாம்பல்நிற மையிலேயே கிருமி இருந்தது. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகை அது. அதனால் உங்களுக்குப் போட்ட மையின் பெயரையும் பேட்ச் எண்ணையும் கடையில் கேட்டுக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, ஒரு வருடத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது. முகாமில் கேட்டால் மறைக்காதீர்கள்.

எல்லாம் ஆறிய பிறகு எங்காவது ஒரு சுழி விட்டுப்போயிருந்தால் ஆறு வாரத்துக்கு முன் மறுபடி ஊசி படக் கூடாது. அவசரப்பட்டுக் குத்தினால் தழும்புதான் மிஞ்சும். போகும்போது அப்பா எழுதிய அசல் காகிதத்தைக் கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த படத்தை வைத்துச் சுழியைச் சரிசெய்ய விடாதீர்கள்.