கேஸில்மெயின் செத்துப்போன ஊர் இல்லை

வணக்கம் தம்பி. உங்கள் மனைவிக்கு விக்டோரியா மாநிலத்துக் கேஸில்மெயின் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, மெல்பர்னை விட்டுக் கைக்குழந்தையோடு அங்கே குடிபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். "அது செத்துப்போன தங்கச் சுரங்க ஊர்" என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் பல வருடங்களாக இங்கேதான் குடியிருக்கிறேன். அந்த நண்பர் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

1851 ஜூலையில், பார்க்கர்ஸ் க்ரீக் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் மேய்ப்பர்களின் குடிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் பீட்டர்ஸ் என்பவர் பாறையில் தங்கத்தைக் கண்டார். கூட்டாளிகளோடு சத்தமில்லாமல் தோண்ட ஆரம்பித்தார். செப்டம்பரில் அந்தக் கூட்டாளிகளில் ஒருவரே ஆர்கஸ் நாளிதழுக்கு எழுதிவிட, விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. சில மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கூடாரங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். காரணம், இங்கே தங்கம் ஆழத்தில் இல்லை. ஓடைப் படுகையின் களிமண்ணிலேயே கிடந்தது. நம் கோலார் தங்கவயலில் கம்பெனி முதல் போட்டு ஆழக் குழி இறக்கித் தங்கம் எடுத்தது, தொழிலாளிக்குக் கூலி மட்டும்தான். இங்கே மண்வெட்டியும் அலசும் தட்டும் வைத்திருந்தவன் தனக்குத்தானே முதலாளி.

அப்படிப்பட்டவர்கள் லேசில் பணிந்துபோகவில்லை. தோண்டும் உரிமக் கட்டணத்தை மாதம் 30 ஷில்லிங்கிலிருந்து 3 பவுண்டாக, அதாவது இரண்டு மடங்காக, உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது. 1851 டிசம்பர் 15 அன்று பக்கத்து ஊரான சூட்டனில் சுமார் 14,000 பேர் கூடி எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. ஆஸ்திரேலிய வரலாறு என்றால் எல்லோரும் 1854-இல் பல்லாரட்டில் தங்கம் தோண்டியவர்கள் ஆயுதம் ஏந்தி நடத்திய யுரேகா கிளர்ச்சியைத்தான் சொல்வார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, ஒரு குண்டும் வெடிக்காமல் இங்கே ஜெயித்தார்கள். எனக்கு இது பெரிய விஷயம்.

மேலோட்டமான தங்கம் சீக்கிரம் தீர்ந்தது. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெண்டிகோவில் பாறைக்குள் ஆழத்தில் இருந்ததால் அந்த ஊர் வளர்ந்து பெருநகரமாகிவிட்டது. கேஸில்மெயின் இன்றும் ஏழாயிரம், எட்டாயிரம் பேர் உள்ள ஊர்தான். ஆனால் பெரிய நகரமாகப்போகிறோம் என்று நம்பிக் கட்டிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1862-இல் கட்டிய சந்தை மண்டபத்தின் உச்சியில் ரோமானியரின் தானியத் தெய்வமான சீரீஸ் நிற்கிறாள். அதே வருடம் ரயிலும் வந்தது. என்னைக் கேட்டால், ஊரைக் காப்பாற்றியது அந்த ரயில்தான். அதை நம்பி இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை, கம்பளி ஆலை, பன்றி இறைச்சித் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வந்தன. கம்பளி ஆலைக் கட்டடத்தில் இன்று காபிக் கடைகளும் கைவினைப் பட்டறைகளும் நடக்கின்றன. இறைச்சித் தொழிற்சாலைதான் இப்போதும் நிறையப் பேருக்குச் சோறு போடுகிறது. பழைய கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டும் ஹாட் ராட் பட்டறைகளுக்கு நாடு முழுக்கப் பெயர். 1976 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கலை விழாவும் உண்டு. இதில் எங்கே தம்பி செத்துப்போனது?

ஆனால் இந்த வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 1855-இல் விக்டோரியா அரசு, கப்பலில் வரும் ஒவ்வொரு சீனர் தலைக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்க ஆயிரக்கணக்கானோர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, வாரக்கணக்கில் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வான் என்ற சிற்றூரில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. வந்தேறியாக இந்த நாட்டில் வாழும் நாம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம். அப்புறம், இந்த மண் ஜா ஜா வுரங் என்ற பூர்வகுடி மக்களுடையது. தலைகீழாகப் புரட்டப்பட்ட நாடு என்று அவர்கள் இதைச் சொல்கிறார்கள். காட்டுக்குள் நடந்தால் உங்களுக்கே தெரியும். மேல்மண் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் மேடும் குழியும். தங்க வேட்டைக் காலத்தில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகத் துளிர்த்து வளர்ந்ததுதான் இன்றைய காடு. 2013-இல்தான் மாநில அரசு ஓர் ஒப்பந்தம் போட்டு அவர்களை மண்ணின் மரபுவழி உரிமையாளர்களாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் பழைய கதை உங்கள் வீட்டுக் கொல்லைக்கும் வரும். இங்கே தங்கம் இருக்கும் பாறையில் ஆர்சனிக் என்ற நச்சும் இருக்கிறது. பாறையை நொறுக்கித் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மணலைப் பல இடங்களில் கொட்டியும் நிரப்பியும் விட்டார்கள். எனவே வீடு கிடைத்ததும் மண்ணை ஆய்வகத்தில் சோதியுங்கள். அதுவரை கீரையோ தக்காளியோ தரையில் போட வேண்டாம். உயரமான பாத்தி கட்டி, கடையில் வாங்கிய மண்ணை நிரப்பிப் போடுங்கள். குழந்தை மண்ணில் விளையாடினால் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். பயந்து ஓட வேண்டியதில்லை, இங்கே எல்லோரும் இப்படித்தான் தோட்டம் போடுகிறோம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் உறைபனி விழும், உள்ளே தூக்கி வைத்துவிடலாம்.

தங்கம் இன்னும் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், சிறு துணுக்குகளாக. மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு வாங்கினால் 10 வருடம் செல்லும், அனுமதித்த இடங்களில் மெட்டல் டிடெக்டரோடு தேடலாம். ஆனால் குழந்தையைக் காட்டில் கையை விட்டு ஓடவிடாதீர்கள். மூடாத பழைய குழிகள் புதருக்குள் இருக்கின்றன.

நம்மூர் மளிகைக்குப் பெண்டிகோ போக வேண்டும், காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மெல்பர்னுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். வழியில் சன்ஷைனில் நிற்கும், அங்கிருந்து சன்ஷைன் நார்த் முருகன் கோயில் பக்கம்தான். தமிழ்ப் பேச்சுக்கு ஏங்குவீர்கள், அதை மறைக்க மாட்டேன். மெல்பர்ன்காரர்கள் நிறையப் பேர் இங்கே குடிவருவதால் வாடகை வீடு கிடைப்பதும் கஷ்டம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, ஊழியர்கள் தங்க இடம் உண்டா என்று உங்கள் மனைவியை மருத்துவமனையில் கேட்கச் சொல்லுங்கள்.