டச்சு மொழியின் நீளமான கூட்டுச்சொற்களை எப்படி அசை பிரித்து உச்சரிப்பது?

இடமிருந்து வலமாக அசை அசையாகக் கூட்டிப் படிக்காதீர்கள். முதலில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள், அசை அப்புறம்தான்.

நெதர்லாந்தில் இருந்தால் ஸீக்டெகொஸ்டென்வெர்ஸேகெரிங் கண்ணில் படாமல் போகாது. ஸீக்டெ நோய், கொஸ்டென் செலவு, வெர்ஸேகெரிங் காப்பீடு. கடைசித் துண்டுதான் தலை, அதாவது முதன்மைச் சொல், அதனால் பொருளைப் பின்னாலிருந்து பிடியுங்கள்; அழுத்தமோ முதல் துண்டில், 'ஸீக்'கில் விழும். கொஸ்டெனின் ன் பெரும்பாலோர் பேச்சில் கேட்காது, ஆக எட்டு அசை: ஸீக்-டெ-கொஸ்-டெ-வெர்-ஸே-கெ-ரிங்.

தமிழர்கள் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்கு இயல்பு, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் யோசிக்காமலே சேர்த்துவிடுவோம். ஆவொன்ட் (மாலை), ஏட்டென் (உணவு) இரண்டும் சேர்ந்த சொல்லை அப்படி 'ஆவொன்டேட்டென்' என்று இழுத்தால் காதுக்கு வேறு மாதிரி இருக்கும். ஆவொன்டின் கடைசியில் எழுத்தில் இருப்பது 'பண்டம்' என்பதில் வரும் ட, ஆனால் சொல் முடியும் இடம் என்பதால் 'பட்டம்' என்பதில் வரும் ட்டாகத்தான் ஒலிக்கும், பின்னால் இன்னொரு சொல் ஒட்டியிருந்தாலும் சரி. வரியின் ஓரத்தில் உடைத்து எழுதும்போதும் அந்த மெய்யை முதல் சொல்லோடுதான் விடுவார்கள்.

ஒட்டை, அதாவது சொற்கள் ஒட்டும் இடத்தை, தவறாகப் பிடித்தால் பொருளே மாறும். கெர்ஸ்டொமாட்யெஸ் என்பதை கெர்ஸ்+டொமாட்யெஸ் என்று பிரித்தால் செர்ரித் தக்காளி, கெர்ஸ்ட்+ஓமாட்யெஸ் என்று பிரித்தால் கிறிஸ்துமஸ் பாட்டிகள்! எழுத்து அத்தனையும் ஒன்றே.

ஒட்டைக் கண்டுபிடிக்க நல்ல வழி, நடுவில் வரும் 'ஹைட்ஸ்', 'இங்ஸ்' இரண்டையும் தேடுவது. ஹைட், இங் என முடியும் சொற்கள் இன்னொரு சொல்லோடு சேரும்போது பெரும்பாலும் ஒரு ஸ் வாங்கிக்கொள்ளும், அந்த ஸ்ஸுக்குப் பின் வெட்டலாம். 'என்' வந்தாலும் சந்தேகப்படுங்கள். 1995 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் பனெகூக் (தட்டையான அப்பம்) பனென்கூக் ஆனது, ஆனால் இன்றும் பலர் அந்த ன்னைச் சொல்வதில்லை.

49 எழுத்துச் சொல், 50 எழுத்துச் சொல் என்று இணையத்தில் சுற்றுவதை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதம், ரயில் நிலைய அறிவிப்புப் பலகை, இவற்றிலுள்ள சொற்களைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்து, முதல் துண்டை அழுத்தி உரக்கப் படியுங்கள்.