நிலநடுக்கவியல் படிக்கிறேன் என்கிறாள் மகள், விடலாமா?

அம்மா, "நிலநடுக்கம் வந்தால்தானே இவளுக்கு வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் பெண், பி.எட். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றால் பெற்றவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் நிலம் ஆடாத நாட்களில் நடப்பது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பக்கம் ஏறத்தாழ 7.7 அளவில் நிலம் ஆடியது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. கட்டுமானக் குறையும் வண்டல் மண்ணும் காரணம்தான். ஆனால் அலை அவ்வளவு தூரம் வலுவோடு வந்து சேராமல் இது நடந்திருக்காது. எந்தப் பாறையில் அலை எவ்வளவு தேய்கிறது என்பதைத்தான் உங்கள் மகள் கணக்கிட ஆசைப்படுகிறாள்.

கோயில் திருவிழாவை ஊர் எல்லையில் நின்று கேட்டிருப்பீர்கள். நாதஸ்வரம் மங்கிவிடும், தவிலின் 'தொம்' மட்டும் வரும். நிலத்திலும் நொடிக்கு அதிகமுறை துடிக்கும் அதிர்வுகள்தான் முதலில் தேயும். இமயமலையின் நொறுங்கிய பாறையில் தேய்வு அதிகம், நம் தீபகற்பத்தின் பழம்பாறையில் குறைவு.

பதிவான அலையை அலைவெண்வாரியாக, அதாவது நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதன்படி, பிரித்து வரைந்தால், கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், ஓரிடத்தில் மடிந்து இறங்கும். சமமான பகுதியின் உயரம் நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்று சொல்லும். மடியும் இடம் பிளவில் எவ்வளவு பெரிய பகுதி உடைந்தது என்று சொல்லும். தேய்வைத் தப்பாகப் போட்டால் மடிப்பு நகர்ந்துவிடும், அப்புறம் எல்லாக் கணக்கும் தப்பு. அணைக்கும் அணு உலைக்கும் எவ்வளவு குலுக்கலைத் தாங்கும்படி கட்டுவது என்று முடிவு செய்ய இந்த எண்கள் வேண்டும். ஒரே பதிவைப் பத்து முறை பார்க்கச் சலிக்காதவளா அவள்? மதிப்பெண்ணைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

வேலை குறைவுதான், மறைக்கமாட்டேன். ஆராய்ச்சிக்குப் பி.எச்டி. வரை போகவேண்டியிருக்கும், ஹைதராபாத், டேராடூன் என்று வெளியூரிலும் இருக்கவேண்டும். ஆனால் முதுநிலை புவி இயற்பியல் முடித்தால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். எண்ணெய் ஆய்வு நிறுவனங்களும் இவர்களை எடுக்கின்றன. ஐஐடிகளில் அந்தப் படிப்பில் சேர ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், அது பிப்ரவரியில் நடக்கும்.

சரி, இப்போது ஒன்று செய்யுங்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் 'ஒப்ஸ்பை' என்று இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு நிலநடுக்கப் பதிவை இறக்கி, அந்த மடிப்பை அவளே கண்டுபிடிக்கட்டும். ஒரு மாதம் கழித்தும் விடாமல் உட்கார்ந்திருந்தால், ஜாமுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடுங்கள்.