மலாக்காவின் கிறிஸ்தாங் மக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலாக்கா போயிருந்தோம். உஜோங் பாசிரில் இருக்கும் போர்த்துகீசியக் குடியிருப்பில்தான் இரவுச் சாப்பாடு. மேடையில் பாவாடையைச் சுழற்றி நடனம் ஆடினார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்ப்பதற்கு மலாய்க்காரர்கள் மாதிரியும் இருந்தார்கள், நம்மவர்கள் மாதிரியும் இருந்தார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. வீட்டு வாசல்களில் மாதா சுரூபம். "இவங்க வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன மிச்சம். நாட்டைப் பிடிச்சவன் வாரிசை எதுக்குக் கொண்டாடணும்?" என்றார் என் அண்ணன். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. போர்த்துகீசியர் 1511இல் வந்தார்கள், 1641இல் டச்சுக்காரர்களிடம் தோற்றார்கள் என்பதோடு பாடப்புத்தகம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் இவர்கள் எப்படி இருந்தார்கள்? கொஞ்சம் எழுதுங்களேன்.

வாசகி, கிள்ளான்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணனுக்கான பதில் 1641க்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. போர்த்துகல் மலாக்காவை ஆண்டது 130 ஆண்டுகள். அந்த ஆட்சி போன பிறகு, கிறிஸ்தாங் எனப்படும் இந்தப் போர்த்துகீசிய வழி மக்கள் அங்கே வாழ்ந்திருப்பது 380 ஆண்டுகளுக்கும் மேல். எந்த அரசும் இவர்களுக்குப் பின்னால் நிற்காத காலம்தான் இவர்களை ஒரு சமூகமாக ஆக்கியது என்பது என் எண்ணம்.

முதலில் "வெள்ளைக்காரன் மிச்சம்" என்பதைப் பார்ப்போம். போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாய் சுல்தானியத்தை வீழ்த்தி நகரைப் பிடித்தபோது அவரிடம் இருந்த ஆட்கள் கொஞ்சம் பேர்தான். போர்த்துகலிலிருந்து பெண்கள் வந்தது மிக அரிது. வீரர்களும் மாலுமிகளும் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறுவதை அரசே ஊக்குவித்தது. அந்தத் தாய்மார்கள் மலாய்ப் பெண்கள், ஜாவாப் பெண்கள், கோவா பக்கத்திலிருந்து வந்த இந்தியப் பெண்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1563இல் மலாக்காவில் பிறந்த வரைபட அறிஞர் மனுவேல் கோதின்யோ டி எரேடியாவின் தாய் சுலவேசித் தீவின் அரச குடும்பத்துப் பெண். குடியிருப்பில் இன்றும் எரேடியா பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஒரு தலைமுறையிலேயே இவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். 1511க்கு முன்பே மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவியவர், நகரம் அவர்கள் கைக்கு வந்ததும் பெண்டஹாரா என்னும் உயர் நிர்வாகப் பதவி பெற்றவர், ஒரு தமிழ் வணிகர். அவர்களுடைய ஆவணங்களில் நினா சாத்து என்று இருக்கிறது. யார் யாருடைய வாரிசு, யார் நாட்டைப் பிடிக்கத் துணை போனார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தால் அது நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

சரி, 1641. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகைக்குப் பிறகு, ஜோகூரின் துணையோடு டச்சுக் கம்பெனி கோட்டையைப் பிடித்தது. அதிகாரிகளும் வசதியானவர்களும் கப்பலேறிவிட்டார்கள். போக வழியில்லாத ஏழைகள் தங்கினார்கள். டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கத்தைக் கடுமையாக வெறுத்த சீர்திருத்தச் சபையினர். பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெளிப்படையாகப் பூசை வைக்கத் தடை. குன்றின்மேல் இருந்த ஆலயம், 1553இல் சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகும் முன் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்த அதே ஆலயம், டச்சுக்காரர்களின் கோயிலாயிற்று. இதே கம்பெனி பிறகு யாழ்ப்பாணத்திலும் இதையேதான் செய்தது. அங்கே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைத் தேடி ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். மலாக்காவின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

குருவானவர் இல்லாத ஊரில் விசுவாசத்தை யார் காப்பாற்றுவது? பொதுமக்களில் சில ஆண்கள் சேர்ந்த ஒரு சபை இருந்தது. 'இர்மாங் டி கிரேசா', கோயில் சகோதரர்கள். ஜெபம் நடத்துவது, சாவு வீட்டில் நிற்பது, திருநாள் முறைகளை மறக்காமல் வைத்திருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பூசை நடந்தது வீடுகளுக்குள்ளும் நகருக்கு வெளியே காட்டுப்பக்கத்திலும். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது பெண்கள் செய்தது. கிறிஸ்தாங் குடும்பப் பெயர்களை ஒருமுறை கவனியுங்கள். டி கோஸ்தா, பிந்தோ, மொந்தேரோ, சந்தா மரியா என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் டாங்கர், ஹென்றிக்ஸ், டி விட், வெஸ்டர்ஹவுட் என்று வரும். இவை டச்சுப் பெயர்கள். ஆட்சி செய்த டச்சுக்காரர்கள் இந்த வீடுகளில் பெண் எடுத்தார்கள். பிறந்த பிள்ளைகள் அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு அம்மாவின் மொழியைப் பேசி, அம்மாவின் ஜெபமாலையைச் சொல்லி வளர்ந்தார்கள். ஆட்சியும் சட்டமும் வேலைவாய்ப்பும் எல்லாம் டச்சுப் பக்கம் இருந்தும், அடுக்களையில் டச்சு தோற்றுவிட்டது. இதை எந்தப் படை வெற்றியைவிடவும் பெரிதாக நினைக்கிறேன்.

டச்சுக்காரர்களின் கெடுபிடி பிறகு தளர்ந்தது. 1710இல் புனித ராயப்பர் (பேதுரு) ஆலயம் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில் அதுதான். 1608 என்று ஆண்டு பொறித்த, கோவாவில் வார்த்த மணி ஒன்று அங்கே இருக்கிறது. புனித வெள்ளியன்று மாலை போனால் கோயில் சகோதரர்கள் மரித்த ஆண்டவரின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வருவதையும், மெழுகுவர்த்தியோடு வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்தவர்கள் பின்தொடர்வதையும் பார்க்கலாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள் என்று சொல்வார்கள்.

உங்களுக்குப் புரியாத அந்தப் பேச்சு 'பாப்பியா கிறிஸ்தாங்'. சொற்கள் பெரும்பாலும் போர்த்துகீசியம், பேசும் முறை நம் ஊர் முறை. 'குமி' என்றால் சாப்பிடுவது. போர்த்துகலில் இந்த வினை ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப உருமாறிக்கொண்டே இருக்கும். இங்கே அது அசையாது. 'யோ ஜா குமி' என்றால் நான் சாப்பிட்டுவிட்டேன், 'ஜா' இருக்கும் இடத்தில் 'தா' போட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'லோகு' போட்டால் இனிமேல் சாப்பிடுவேன். மலாயில் 'சுடா மாக்கான்' (சாப்பிட்டாயிற்று) என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். மரியாவின் வீடு 'மரியா சா காசா', கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் 'மரியா புன்யா ரூமா' என்கிற அதே வரிசை. யுனெஸ்கோ இதைக் கடுமையாக அழியும் நிலையில் உள்ள மொழிகளில் சேர்த்திருக்கிறது. ஜோன் மார்பெக் போன்றவர்கள் இதை எழுத்தில் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

இந்த மொழியை அதிகம் காத்தவர்கள் மீனவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் படித்த செரானிகள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினரை மலாயில் இப்படித்தான் சொல்வார்கள்) கிராணி வேலைக்குப் போய் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கடற்கரைக் குடும்பங்கள் மாறவில்லை. அவர்களின் முக்கியத் தொழில்களில் ஒன்று கெராகாவ் என்னும் பொடி இறால் பிடிப்பது. இரண்டு நீள மூங்கில்களைக் கத்திரிக்கோல் மாதிரி குறுக்காகக் கட்டி, நடுவில் சன்னக் கண்ணி வலை. 'லாங்கியாங்' என்பார்கள். படகு வேண்டாம். மார்பளவு நீரில் இறங்கி, மூங்கிலைச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். கிடைத்ததை உப்பும் சோறும் சேர்த்துப் புளிக்க வைத்தால் சிஞ்சாலோக். இந்தத் தொழிலுக்கு ஆழமில்லாத சேற்றுக் கரை வேண்டும். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நீங்கள் பார்த்த குடியிருப்பு அவ்வளவு பழையதல்ல. 1920களில் ஏழை மீனவக் குடும்பங்கள் நகரில் அங்கங்கே சிதறிக் கிடந்ததைப் பார்த்த இரண்டு பாதிரியார்கள், பிரெஞ்சுக்காரரான பிரான்சுவாவும் போர்த்துகீசியரான கொரோவாதோவும், அரசிடம் கேட்டு உஜோங் பாசிரில் 28 ஏக்கர் நிலம் ஒதுக்க வைத்தார்கள். சதுப்பு நிலம். 1930களில்தான் குடும்பங்கள் குடியேறின. நீங்கள் மேடையில் பார்த்த நடனமும் அப்படித்தான். 1952இல் போர்த்துகல் அமைச்சர் ஒருவர் வந்துபோனதை ஒட்டிக் கற்றுக்கொண்ட ஐரோப்பிய நாட்டுப்புற நடனங்கள் அவை. பரம்பரையாக வந்தது 'பிரான்யோ'. வயலினும் பறையும் வைத்து ஆண்களும் பெண்களும் எதிரெதிரே நின்று, மலாய் ஜோகெட் போலவே ஆடுவது. சுற்றுப்பயணிகளுக்கு முதலாவதைக் காட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் ஆடுவது இரண்டாவதை.

இப்போது கரைக்கு வருகிறேன். 1970களிலிருந்து மலாக்காவில் கடலை மண் கொட்டித் தூர்த்துக்கொண்டே வருகிறார்கள். பண்டார் ஹிலிரில் செரானிகள் வாழ்ந்த கரை முதலில் போயிற்று. பிறகு குடியிருப்பின் முன்னாலேயே மண் விழுந்தது. 2014இல் தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டம் பக்கத்துக் கடலில் தீவுகளையே உருவாக்கப் புறப்பட்டு, நடுவில் முடங்கியது. லாங்கியாங் தள்ளிய சேற்றுக் கரை சுருங்கிவிட்டது. குடியிருப்பு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்தார்கள். மலாக்காவின் உலகப் பாரம்பரியத் தகுதியை எல்லோரும் கொண்டாடுகிறோம், ஆனால் அந்த எல்லைக்கோட்டின் மையப் பகுதியில் இந்தக் குடியிருப்பு இல்லை. டச்சுக்காரனின் சிவப்புக் கட்டடங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அவன் கெடுபிடியைத் தாண்டி நின்ற மனிதர்களின் கடலுக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு மிகுந்த கோபம் தரும் விஷயம்.

அரசு இவர்களை அடியோடு மறந்தது என்று சொல்ல முடியாது. 1984இல் பூமிபுத்ராக்களுக்கான (மலாய்க்காரர்கள் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களுக்கான) அமானா சஹாம் நேஷனல் என்னும் யூனிட் டிரஸ்ட் முதலீட்டுத் திட்டத்தில் முதலீடு செய்ய இவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. அதை இந்த மண்ணோடு இவர்களுக்குள்ள உறவுக்குக் கிடைத்த அங்கீகாரமாகவே பார்க்கிறேன். ஆனால் மீனவனுக்கு யூனிட் டிரஸ்ட் கடலாகிவிடாது.

அடுத்த முறை போவதென்றால் ஜூன் 29, ராயப்பர் திருநாளுக்குப் போங்கள். படகுகளை அலங்கரித்து நிறுத்தியிருப்பார்கள், பாதிரியார் வந்து மந்திரிப்பார். ஆறு நாள் முன்னால், 23ஆம் தேதி இரவு போனால் அருளப்பர் (யோவான்) திருநாளுக்கு வேலியோரம் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். கடுகும் வினிகரும் போட்ட கறி டேபால் கேட்டு வாங்குங்கள், அண்ணனுக்கு நிச்சயம் பிடிக்கும். சாப்பிட்டு முடித்ததும் அவரைக் கடலோரம் வயதான மீனவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போய், முன்பு வலையோடு எதுவரை நடப்பீர்கள் என்று ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மலாயில் கேட்டாலே போதும்.

அன்புடன்.