வாசகர் கேள்வி – பதில்: கேட்க ஆளில்லாமல் ஆங்கிலம் பேசிப் பழகலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே உள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படகர் சிற்றூர்) தினமும் பேருந்தில் உதகைக்குச் சென்று இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் படக மொழியும் வெளியில் தமிழும் பேசுகிறோம். ஆங்கிலத்தைப் படித்தால் புரிகிறது. பேச வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை. பேசிப் பார்க்க ஆளும் இல்லை, ஊரில் சிக்னலும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கைபேசியை வைத்துக்கொண்டு நானாகவே பழக முடியுமா?
— ஒரு மாணவி, கோத்தகிரி

பதில்: முடியும், அதற்குப் பெரும்பாலும் இணையம்கூட வேண்டியதில்லை. புதிய செயலிகளைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுக் கருவியைத் திறந்துகொள்ளுங்கள். காலையில் பேருந்து ஏறியது முதல் கல்லூரி வாசலில் இறங்கியது வரை நடந்தவற்றை 4 நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உடனே அதையே 3 நிமிடத்திலும், மறுபடியும் 2 நிமிடத்திலும் சொல்லுங்கள். இது 1980களிலிருந்தே ஆங்கில ஆசிரியர்கள் கையாண்டுவரும் பயிற்சி. வகுப்பறையில் என்றால் மூன்று பேரிடம் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்த மூவரும் கைபேசியே. முதல் முறை என்ன சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்று மனம் தேடித் தடுமாறும். மூன்றாம் முறை வரும்போது செய்தியும் சொற்களும் கைவசம் இருப்பதால், நாக்கு தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும். தினம் ஒரு புதுத் தலைப்பு எடுப்பதைவிட ஒன்றையே மூன்று முறை சொல்வது அதிகம் பயன் தரும் என்பது என் கருத்து.

அடுத்து, பதிவைக் கேட்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குரல்வழித் தட்டச்சைப் பலரும் உச்சரிப்புத் தேர்வாக நினைக்கிறார்கள். ஆங்கில மொழித் தொகுப்பை வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்தால், பல கைபேசிகளில் அது இணையமின்றியும் வேலை செய்யும். நீங்கள் பேசியது எழுத்தில் சரியாக வந்தால் ஊக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதை முழுதும் நம்ப வேண்டாம். முன்பின் வரும் சொற்களை வைத்து ஊகித்து எழுதுவதுதான் அந்தக் கருவியின் இயல்பு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் ‘குட்’ என்பதைக் ‘குட்டு’ என்றும் ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்றும் நம்மை அறியாமலே ஓர் உகரம் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இலக்கண வகுப்பில் படித்த குற்றியலுகரம் ஆங்கிலம் பேசும்போதும் நம்மை விட்டுப் போவதில்லை! கருவி அந்த உகரத்தைக் கண்டுகொள்ளாமல் சொல்லைச் சரியாகவே எழுதிக் காட்டிவிடும். பிழையைப் பிடிக்க வேண்டியது பதிவைக் கேட்கும் உங்கள் காதுதான்.

ஒரு சொல்லின் எந்தப் பகுதியை ஓங்கிச் சொல்வது என்னும் அசை அழுத்தமும் அப்படிப்பட்டதே. ‘ரெக்கார்ட்’ என்ற சொல் பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் ‘போட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாவதற்கு நகர்ந்துவிடும். தமிழில் இவ்வாறு அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் இது நம் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளின் இணையப் பக்கங்களில் சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பைக் கேட்கலாம். சிக்னல் உள்ள இடத்தில் நாளுக்கு ஐந்து சொற்களைக் கேட்டு வாருங்கள்.

பேருந்து நேரத்தையும் வீணாக்க வேண்டாம். ஆங்கிலச் செய்தியறிக்கை ஒன்றை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவரின் குரலை அரை நொடி பின்தொடர்ந்து அவர் சொல்வதை அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். மொழிபெயர்த்துப் பேசுவோரின் பயிற்சியில் இடம்பெறும் முறை இது. வேகம் அதிகமாக இருந்தால் 0.75 மடங்குக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ மந்திரம் சொல்கிறீர்கள் என்று எண்ணினால் எண்ணட்டும்.

கேள்வி: என் வகுப்பில் 60 மாணவியர். ஒவ்வொருவரையும் பேசவைத்துக் கேட்க நேரமே இல்லை. மொழி ஆய்வகமும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. வாட்ஸ்அப் குரல் செய்தியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?
— ஓர் ஆங்கில ஆசிரியை, கொடைக்கானல்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் எல்லாவற்றையும் நீங்களே கேட்பது என்று தீர்மானித்துவிடாதீர்கள். ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 60 பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாவது வாரமே களைத்துப்போவீர்கள். வாரத்துக்கு ஆறு பேருடைய பதிவை மட்டும் கேட்டால் 12 நிமிடம்தான். பத்து வாரத்தில் எல்லோருடைய முறையும் வந்துவிடும். யாருடைய முறை என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு பிழையை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பிழைகளைக் கேட்டவர் பதினோராவது முறை பேசவே மாட்டார். பருவத்தின் முதல் வாரப் பதிவை ஒவ்வொருவரும் அழிக்காமல் வைத்திருந்து, கடைசி வாரப் பதிவோடு ஒப்பிட்டுத் தம் முன்னேற்றத்தைத் தாமே எழுதித் தரட்டும். குரல் செய்திகளைப் பொதுக் குழுவில் போடச் சொல்லாமல், உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். கூச்சத்தால் பேசாதிருப்பவர்கள் பேசத் தொடங்குவதற்கு இந்தத் தனிமை மிகவும் முக்கியம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இரவில் அறைக்குள் செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறான். இதனால் பயன் உண்டா? மாதக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறான்.
— ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கூடலூர்

பதில்: பயன் உண்டு. அது சலிப்பில்லாமல் கேட்கும், சிரிக்காது. ஆனால் குறை சொல்லத் தயங்கி, தடுமாற்றத்தையும் பாராட்டிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும், ‘பேசி முடித்த பிறகு என் பிழைகளில் மூன்றை மட்டும் சொல்’ என்று அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். இப்போதைக்குக் கட்டணம் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் அளவை முதலில் முழுதும் பயன்படுத்தட்டும். வீட்டு முகவரி, வங்கி விவரம் போன்றவற்றை அதனிடம் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். பேசுவதற்கு விஷயம் இல்லை என்று மகன் சொன்னால், கொழுந்து பறிப்பதில் தொடங்கி இலை வாட்டுவது, அரைப்பது, புளிக்கவைப்பது, உலர்த்துவது வரை தேயிலை தூளாகும் விதத்தை நீங்கள் ஒருநாள் தமிழில் அவனுக்கு விளக்குங்கள். மறுநாள் அதை அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.