மகன் தாளில் குறித்ததை நம்புவதா, வாயால் சொன்னதை நம்புவதா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. வேலைக்காக நாங்கள் வெளியூரில் இருந்ததால், மூன்று வயது முதல் ஆறு வயது வரை ஆச்சியிடம் வளர்ந்தான். இப்போது எதையும் மனம்விட்டுப் பேசுவதில்லை. உளவியல் ஆலோசகர் கொடுத்த வினாத்தாளில் ‘அம்மாவை நம்பலாம்’ என்ற பக்கமே குறித்திருந்தான். ஆனால் நேர்காணலுக்குப் பிறகு, ‘அம்மாவிடமிருந்து மனதளவில் விலகியிருக்கிறான்’ என்கிறார் ஆலோசகர். அப்படியென்றால் என் பிள்ளை பொய் சொன்னானா? – திருநெல்வேலி வாசகி

பதில்: இல்லை, அம்மா. அவன் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு முறைகளும் அவனிடம் வெவ்வேறு விஷயங்களைக் கேட்டிருக்கின்றன.

இந்த வயதினருக்குப் பரவலாகப் பயன்படும் வினாத்தாள் ஒன்றை உளவியல் ஆய்வாளர் கேத்ரின் கெர்ன்ஸும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்டார்கள். அதில் 15 கேள்விகள். ‘சில பிள்ளைகள் அம்மாவை எளிதில் நம்புவார்கள், வேறு சில பிள்ளைகளுக்கு நம்பலாமா என்று தயக்கம் இருக்கும். நீ யாரைப் போல?’ என்கிற வகையில் கேள்வி வரும். இரண்டு வகைப் பிள்ளைகளும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், குழந்தைக்குக் கூச்சம் குறையும். ஆனாலும் எந்தப் பக்கம் குறித்தால் அம்மா மகிழ்வார் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? பெற்றவளைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கிற வீடுகளில் இது இன்னும் அழுத்தமாக வேலை செய்யும். தவிர, சில பிள்ளைகள் தங்கள் ஏக்கத்தைத் தாங்களே பார்க்காமல் இருக்கப் பழகியிருப்பார்கள். அவர்கள் குறிப்பது அவர்களைப் பொறுத்தவரை உண்மைதான்.

நேர்காணலின் வழி வேறு. லண்டனில் டார்கெட், ஃபோனகி, ஷ்முவெலி-கோட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2003இல் வெளியிட்ட முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுடன் இருப்பது எப்படி என்று மூன்று வார்த்தைகளில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் நடந்த சம்பவம் ஒன்றைக் கேட்பார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகும்.

என்னிடம் வந்த ஒரு பையன் ‘அன்பு, ஜாலி, நல்லது’ என்று மளமளவென்று சொன்னான். ஜாலியாக இருந்த ஒரு நாளைச் சொல் என்றதும், ‘எப்போதும் ஜாலிதான்’ என்று சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினான். மூன்று வார்த்தைகளுக்கும் ஒரு சம்பவம்கூட வரவில்லை. இன்னொரு சிறுமி எடுத்த எடுப்பில் ‘கோபம்’ என்றாள். டிபன் பாக்ஸைத் தொலைத்த அன்று அம்மா கத்தியதையும், தான் அழுததையும், இரவில் அம்மா வந்து தலை வாரிவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவைக் குறை சொன்ன இந்தச் சிறுமியின் பிணைப்புதான், அதாவது அம்மாவோடு அவளுக்குள்ள மன நெருக்கம்தான், பாதுகாப்பானது. நல்லதும் கெட்டதும் அவள் கதையில் சேர்ந்தே வருகின்றன. சண்டை சமாதானமாக முடிந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது.

ஒரு வயதுக் குழந்தை என்றால், அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது அது நடந்துகொள்வதைப் பார்த்தே மதிப்பிடலாம். உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் காட்டிய வழி அது. பத்து வயதில் அது எடுபடாது. அதனால்தான் சொல்லும் விதத்தைக் கவனிக்கிறோம்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் நேர்காணலின் பக்கம்தான் சாய்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மதிப்பிட்டவர் அதற்கென்று பயிற்சி பெற்றவரா? அவன் வீட்டில் பேசும் தமிழிலேயே பேசவிட்டார்களா? கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலாவது கோவையாகச் சொல்கிறானா? இயல்பாகவே பேச்சு குறைந்த பிள்ளை என்றால், சம்பவம் வராததை மட்டும் வைத்து விலகல் என்று சொல்லிவிட முடியாது.

‘விலகல்’ என்பது நோயின் பெயர் அல்ல. அந்த மூன்று வருடப் பிரிவுதான் காரணம் என்று இந்த இரண்டு முறைகளும் சொல்லாது; நீங்களாக அந்தப் பழியைச் சுமக்காதீர்கள்.

அவன் என்ன சொன்னான் என்று வீட்டில் துருவிக் கேட்க வேண்டாம். மாறாக, அவனை ஆச்சி வீட்டில் விட்டு வந்த நாளை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். பஸ் ஏறியதும் அழுதிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பிணைப்பு ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உருவாவது. அடுத்த முறை ஆலோசகரைப் பார்க்கும்போது, ஆச்சியைப் பற்றியும் கேட்டாரா, அவன் சொன்ன சம்பவங்கள் எப்படி இருந்தன என்று விசாரியுங்கள். அவை விரிவாக, உயிரோடு வந்திருந்தால், நெருங்கத் தெரிந்த பிள்ளைதான் அவன். அப்போது ஆச்சியையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகப் போய் உட்காருங்கள்.