டாக்டேக் சான்றிதழ் அமைப்பில் ஒரு பயனரைக் குழுவில் சேர்ப்பது எப்படி, ஏன்?

டாக்டேக் (Dogtag) என்பது டிஜிட்டல் சான்றிதழ்களை, அதாவது கணினி வழியே ஒருவரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கோப்புகளை, வழங்கும் மென்பொருள். அதில் அதிகாரம் ஆளுக்கு அல்ல, குழுவுக்கே. நிர்வாகிகள் குழு பயனர் கணக்குகளைக் கவனிக்கும். முகவர்கள் குழு சான்றிதழ் விண்ணப்பங்களை ஏற்கும் அல்லது தள்ளும். தணிக்கையாளர் குழு பதிவுகளைப் பார்வையிடும். வங்கியில் கடனுக்குக் கையெழுத்திடுபவரே தணிக்கையும் செய்தால் எப்படி இருக்கும்? அதற்காகத்தான் இந்தப் பிரிவினை. (ஆனாலும் ஒருவரே பல குழுக்களில் இருக்க ஆரம்ப அமைப்பிலேயே அனுமதி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.)

நிர்வாகி தன் சான்றிதழைக் காட்டி, ‘பிகேஐ சிஏ-யூசர்-மெம்பர்ஷிப்-ஆட்’ (pki ca-user-membership-add) என்ற கட்டளையோடு பயனர் பெயரையும் குழுப் பெயரையும் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். குழுப் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி அவசியம். நீக்குவதற்கு ‘ஆட்’ (add) இருக்கும் இடத்தில் ‘டெல்’ (del).

ஒரு பயனரைக் குழுவிலிருந்து நீக்கினால் அவருடைய சான்றிதழும் ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.